யாரென்று கேட்காத வீடு

தம்பி,

உன் பெயரை எழுதவில்லை என்று கோபித்துக்கொள்ளாதே. இந்தக் கடிதத்தில் யாருடைய பெயரும் இருக்காது. பெயர் சொல்லிப் பட்டது இந்த வீட்டுக்குப் போதும். உறையில் போட்டு உன் முகவரிக்கு அனுப்பலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். பிறகு, ஒட்டிய உறையைக் கண்டால் யாருக்காவது கை அரிக்கும், எதற்கு வம்பு என்று ஞாயிறு பத்திரிகைக்கே அனுப்பிவிட்டேன். நீயும் படி, ஊரும் படிக்கட்டும். அடுத்தவர் கடிதத்தைப் படிப்பதற்கென்றே சம்பளம் வாங்குகிறவர்களும் சிரமமில்லாமல் படித்துக்கொள்ளட்டும். போனில் சொன்னால் என்ன என்று கேட்பாய். உன் அப்பாவின் லட்சணம் உனக்குத் தெரியாது. வீட்டிலிருக்கும் இரண்டு போன்களையும் ரொட்டி டின்னுக்குள் போட்டு மூடி, டின்மேல் ஒரு தலையணையையும் வைத்துவிட்டுத்தான் "சாம்பார்ல உப்பு பத்தல" என்கிறார். அதையும் காதோடு வந்து சொல்கிறார். முதலில் எனக்குச் சிரிப்பு வந்தது. இப்போது வருவதில்லை.

போன வாரம் நீ கூப்பிட்டுச் சொன்னதையே நினைத்துக்கொண்டிருக்கிறேன். "இந்தத் தீபாவளிக்கு ஓப்பன் ஹவுஸ் எல்லாம் வேணாம்மா. கேட்டைப் பூட்டியே வை. தெரிஞ்சவங்க மட்டும் வரட்டும். யார் யாரு வராங்கன்னு எனக்கு முன்னாடியே சொல்லிடு, நான் இங்கேருந்து பாத்துக்கிறேன்." முடியாது என்றேன். உடனே உனக்கு மூக்குக்கு மேல் கோபம். "ஒரு தடவை பட்டது பத்தாதா? நீ செஞ்சதுக்கு இன்னைக்கு வரைக்கும் ஒரு ஸாரி சொன்னியா?" என்று கேட்டுவிட்டுப் போனை வைத்துவிட்டாய். கேட்டைப் பூட்டினால் நீ தீபாவளிக்கு வருவாய், திறந்தால் வரமாட்டாய். இதுதானே நீ சொல்வது? பாலத்துக்கு அந்தப் பக்கம் சிங்கப்பூரில் அறை எடுத்துக்கொண்டு போனதிலிருந்து ஒரு நாள்கூட நீ நம் கோத்தா திங்கிப் பக்கம் வரவில்லை. பெற்றவளுக்கு உன்னைப் பார்க்க ஆசை இருக்காதா? இருந்தும் முடியாது என்றுதான் சொல்கிறேன். ஏன் என்று சொல்லத்தான் இவ்வளவும் எழுதுகிறேன், பொறுமையாகப் படி.

நம் வீட்டுத் தீபாவளி உனக்குத் தெரியாததல்ல. எண்ணெய் தேய்த்துக் குளித்து, படையல் போட்டுச் சாமி கும்பிட்டதும் கேட்டை அகலத் திறந்து, காற்றில் சாத்திக்கொள்ளாமல் இருக்க ஒரு கயிற்றால் தூணோடு கட்டிவிடுவோம். கார் போர்ச்சில் மேசை, நாற்காலி, பலகாரம். அதற்கப்புறம் யார் வேண்டுமானாலும் வரலாம். நம் தாமான் வீட்டு வரிசைகளில் இருக்கிற மலாய்க்காரர்கள், சீனர்கள், என்னோடு தொழிற்சாலையில் வேலை செய்த பெண்கள், அவர்களோடு ஒட்டிக்கொண்டு வரும் சொந்தக்காரர்கள், உறையில் போட்ட அங்பாவ் காசு வாங்கக் கூட்டமாக வரும் பிள்ளைகள். பாதிப் பேரை எனக்குத் தெரியாது. தெரியவேண்டும் என்று நினைத்ததும் இல்லை. வாசலுக்கு வந்தவரைப் பார்த்து நீங்கள் யார் என்று கேட்பதைவிடக் கேவலம் உண்டா? அப்படித்தான் போன தீபாவளிக்கு முந்தின தீபாவளியன்று அந்த ஆளும் வந்தான். சந்தன நிற ஜிப்பா, நெற்றியில் விபூதி, கையில் ஒரு கேக் பெட்டி. "ஹாப்பி தீபாவளி ஆண்டி" என்றான். உன் சிநேகிதன் என்று நான் நினைத்தேன். என் தொழிற்சாலைத் தோழி யாருடைய மகனோ என்று உன் அப்பா நினைத்தார். அப்பாவின் பழைய கம்பெனி ஆள் என்று நீ நினைத்தாய். மூன்று பேரும் ஆளுக்கொன்று நினைத்துக்கொண்டோம், ஒருவரை ஒருவர் கேட்கவில்லை. இப்படிப்பட்ட வீடு நம்மவர்களிடம்தான் இருக்கும் என்று அவனை அனுப்பியவர்களுக்கு நன்றாகத் தெரிந்திருக்கிறது.

ஆட்டிறைச்சிப் பிரட்டலை இரண்டாம் முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டான். நெய் உருண்டையை எடுத்துக் கடித்துவிட்டு, "கடையில வாங்குனதா ஆண்டி? இல்ல நீங்களே புடிச்சதா?" என்று கேட்டான். அந்த ஒரு கேள்வியில் நான் குளிர்ந்துபோனேன், மறைப்பானேன். பக்கத்தில் உட்கார்ந்து பேச ஆரம்பித்துவிட்டேன். பேச்சு உன்மேல் வந்தது. நாம் முன்பு குடியிருந்த பழைய எஸ்டேட்டை விற்றதும், வாங்கியவர்கள் அங்கிருந்த மயானத்தைச் சேர்த்து வேலி போட்டதும், உன் தாத்தாவைப் புதைத்த இடத்துக்கு நாம் விளக்கேற்றக்கூடப் போகமுடியாமல் ஆனதும், நீயும் உன் கூட்டாளிகளும் மகஜர் எழுதிக் கொடுத்ததும், எல்லாம் சொன்னேன். சட்டம் சொன்னபடி முன்கூட்டியே தெரிவித்துவிட்டு, வேலிக்கு வெளியே அட்டை பிடித்து நின்று, அகல் ஏற்றி வைத்துவிட்டு வந்தீர்களே, அந்தப் படங்களை என் டேப்லெட்டில் எடுத்துக் காட்டினேன். ஒவ்வொரு முகத்தின்மேலும் விரல் வைத்து "இவர் யாரு ஆண்டி? இவரு?" என்று கேட்டான். நானும் மகனைப் பற்றிய பெருமையில் ஒவ்வொருவராகச் சொல்லிக்கொண்டே போனேன். மகஜரை நல்ல மலாயில் எழுதிக் கொடுத்த வாத்தியார் இவர், எல்லாரையும் வேனில் ஏற்றிக்கொண்டு போன பையன் இவன், ஞாயிற்றுக்கிழமை நம் கார் போர்ச்சில்தான் கூடிப் பேசுவார்கள் என்று. போகும்போது அவனுக்கு ஒரு டப்பாவில் நெய் உருண்டை கட்டிக் கொடுத்தேன்.

பிறகு நடந்தது உனக்கு என்னைவிடத் தெரியும். நீ வேலைக்குப் போக பைக்கை வெளியே எடுத்த நேரத்தில் இரண்டு கார்கள் வந்து நின்றன. உன் போன், கம்ப்யூட்டர், என் டேப்லெட் எல்லாம் எடுத்துக்கொண்டார்கள். எந்த இலாகா என்று கேட்டதற்கு அப்பாவைப் பார்த்து, "பாதுகாப்பு விஷயம், அங்கிள்" என்றான் ஒருவன். நீதிமன்றத்தில் நிறுத்தாமலே வாரக்கணக்கில் வைத்து விசாரிக்கலாம் என்று ஒரு சட்டம் இருக்கிறதாம். வக்கீல்தான் சொன்னார். அவரையும் உன்னைப் பார்க்க விடவில்லை. உனக்கு மாற்று உடை கொடுக்க ஒரு வாசலுக்குப் போனால் இன்னொரு வாசலுக்குப் போகச் சொன்னார்கள். ஒருநாள் விட்டுவிட்டார்கள். வழக்கும் இல்லை, விளக்கமும் இல்லை, மன்னிப்பு என்ற பேச்சே இல்லை. குற்றம் செய்தாய் என்றும் சொல்லவில்லை, செய்யவில்லை என்றும் சொல்லவில்லை. வீட்டுக்கு வரும் வழியில், காரில், நீ ஒன்றைத்தான் சொன்னாய். உன்னை விசாரித்தவர்களில் ஒருவன் முதல் நாளே, "உங்கம்மா நெய் உருண்டை ரொம்ப நல்லா இருந்துச்சு" என்றானாம். சொல்லிவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தாய். "வரவன் யாருன்னு கேக்கமாட்டியாம்மா?"

அந்தக் கேள்விக்கு அன்று நான் பதில் சொல்லவில்லை. அழுதேன். அழுததை நீ குற்றத்தை ஒப்புக்கொண்டதாக எடுத்துக்கொண்டாய். இப்போது பதில் சொல்கிறேன். கேட்கமாட்டேன். ஸாரியும் சொல்லமாட்டேன். அவனுக்கு சிரப் ஊற்றிக் கொடுத்தது யார்? நீதான். ஐஸ் போதுமா அண்ணே என்று கேட்டு ஊற்றினாய். நீ மட்டும் அவனை யாரென்று கேட்டாயா? வந்தவனுக்குச் சோறு போட்டேன், அவன் கேட்டதற்கு உண்மையைச் சொன்னேன். என் மகன் செய்த நல்ல காரியத்தைப் பற்றிச் சொன்னேன். இதில் எதற்கு நான் தலைகுனியவேண்டும்? சாப்பிட உட்கார்ந்த பந்தியில் வேவு பார்த்தவன் தலைகுனியட்டும். அவனை ஜிப்பா மாட்டி, விபூதி பூசி அனுப்பியவன் தலைகுனியட்டும். அவர்கள் யாரிடமும் ஸாரி கேட்க உனக்கு வழி இல்லை. அகப்பட்டவள் அம்மாதான், அதனால் என்னிடம் கேட்கிறாய். எனக்கு வயிறு எரிகிறது, தம்பி. அவர்கள் உன்னைக் கொண்டுபோனபோதுகூட இப்படி எரியவில்லை.

குளுவாங்கிலிருந்து உன் மாமா வந்து எனக்குப் புத்தி சொன்னார். "தப்பு பண்ணாதவன் எதுக்குப் பயப்படணும்? பாத்துட்டுப் போகட்டும் லா. நாட்டுல எவ்வளவோ நடக்குது, குண்டு வைக்கிறான், ஆளைக் கடத்துறான். அவனுங்க பாக்கலேன்னா யாரு பாக்கறது?" அவர் சொன்னதில் பாதி சரிதான். குண்டு வைக்கிறவனைக் கண்காணிக்காமல் கொஞ்சவா முடியும்? கண்காணிக்கட்டும். ஆனால் யாரைப் பார்க்கிறோம், எதற்காகப் பார்க்கிறோம் என்று ஒரு நீதிபதியிடமாவது எழுந்து நின்று சொல்லிவிட்டுப் பார்க்கட்டும். தாத்தாவின் சமாதிக்கு விளக்கேற்றினவனையும் குண்டு வைக்கிறவனையும் ஒரே கூடையில் போடுவதற்கு யார் இவர்களுக்கு உரிமை கொடுத்தது? தப்பு பண்ணாதவன் பயப்படவேண்டாம் என்பதைத்தான் என்னால் விழுங்க முடியவில்லை. தொழிற்சாலையில் நாங்கள் என்ன தப்பு பண்ணினோம்? டாய்லெட்டுக்குப் போவதானால் சூப்பர்வைசரிடம் ஒரு பாஸ் வாங்கிக் கழுத்தில் மாட்டிக்கொண்டு போகவேண்டும். போகிற நேரம், வருகிற நேரம் இரண்டையும் குறித்துக்கொள்வார். கண்ணாடி அறையிலிருந்து ஒருவர் பார்த்துக்கொண்டே இருப்பார். திருடுவதற்கு டாய்லெட்டில் என்ன இருக்கிறது? அப்படியும் நாங்கள் தண்ணீர் குடிப்பதை நிறுத்திவிட்டோம். யாரும் நிறுத்தச் சொல்லவில்லை, நாங்களாகவே நிறுத்தினோம். அதிலே சிறுநீர்க் கடுப்பு வந்து மாத்திரை தின்றவர்கள் எத்தனை பேர், என்னையும் சேர்த்து. தப்பு பண்ணாதவளின் உடம்பையே அந்தப் பார்வை அப்படி மாற்றிவிட்டது. இதைச் சொன்னதும் மாமா முகத்தைத் திருப்பிக்கொண்டு காப்பி குடித்தார்.

நீ வெளியே வந்த பிறகு மயானத்தைப் பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லை. கோயில் கூட்டத்தில் ஒருவர் அந்தப் பேச்சை எடுத்தார், பக்கத்திலிருந்தவர் அவர் தொடையைக் கிள்ளினார். வேலி அப்படியே இருக்கிறது. தாத்தா உள்ளே இருக்கிறார். அவர்கள் உன்னைச் சிறையில் போடத் தேவையே இல்லாமல் போய்விட்டது. வேன் வைத்திருந்த பையனின் அப்பா என்னைக் கடைத்தெருவில் கண்டால் எதிர்வரிசைக்குப் போய்விடுகிறார். அந்த வாத்தியாரை மெர்சிங்குக்கு அந்தப் பக்கம் எங்கோ மாற்றிவிட்டார்கள். காரணம் கேட்டாராம், சொல்லவில்லையாம். உனக்குத் தெரியாத ஒன்றைச் சொல்கிறேன். போவதற்கு முன் அவர் நம் வீட்டுக்கு வந்தார். அவர் பெயரை அந்த ஆளிடம் சொன்னது நான்தான் என்று அவருக்குத் தெரியும். உட்காரச் சொல்லி இடியாப்பம் எடுத்து வைத்தேன். இடியாப்பம் சாப்பிட்டார், கை கழுவினார், "புக்கான் சாலா ஆண்டி" என்றார். ஆண்டியின் தப்பு இல்லை என்று. அவருக்கு வீடு போனது, ஊர் போனது, பிள்ளையின் பள்ளிக்கூடம் போனது. அவர் சொல்லிவிட்டார். நீ இன்னும் சொல்லவில்லை.

இப்போது உன் கேமராவுக்கு வருகிறேன். பாலத்துக்கு அந்தப் பக்கம் குடிபோவதற்கு முன் ஆள் வைத்துக் கார் போர்ச்சில் அதை மாட்டிவிட்டுப் போனாய். நான் வேண்டாம் என்றேன். "உன் பாதுகாப்புக்குத்தாம்மா" என்றாய். அந்தச் சொல்லை நான் முதலில் கேட்டது யார் வாயில் என்று உனக்கு நினைவு வரவில்லையா? அன்றிலிருந்து நான் துணி காயப்போடுவதையும், அப்பா நகம் வெட்டுவதையும், பூனை வந்து படுப்பதையும் நீ சிங்கப்பூரில் உட்கார்ந்து பார்க்கிறாய். "நேத்து மத்தியானம் நீலச் சட்டை போட்டவன் வந்தானே, அது யாரும்மா?" அடுப்புக்குக் காஸ் தோம்பு கொண்டுவந்தவன்டா. "அப்பா கிட்ட ரொம்ப நேரம் பேசினாரே, அது யாரு?" சாக்கடை அடைப்பைப் பார்க்க வந்தவர். அந்த ஆளும் என் டேப்லெட்டில் விரல் வைத்து இப்படித்தான் கேட்டான். அவன் ஆண்டி என்றான், நீ அம்மா என்கிறாய்.

போன தீபாவளிக்குக் கேட்டைத் திறந்துதான் வைத்தேன், நீதான் பார்த்தாயே. எத்தனை பேர் வந்தார்கள்? கேட்வரைக்கும் வந்தார்கள், தலைநிமிர்ந்து கேமராவைப் பார்த்தார்கள், கையை ஆட்டிவிட்டு நடந்துவிட்டார்கள். உனக்கு நேர்ந்ததைக் கேள்விப்பட்டுப் பயந்து வராமல் இருந்தவர்கள் பாதி, மீதிப் பேர் உன் கேமராவுக்குப் பயந்தவர்கள். இவ்வளவு நெய் உருண்டையை என்ன செய்வது என்று தெரியாமல் நானும் அப்பாவும் ஒரு மாதம் தின்றோம். அதைக்கூடப் பொறுத்துக்கொண்டேன். நோன்புப் பெருநாளன்று நடந்ததைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. பக்கத்து வீட்டு மலாய்க்கார அம்மா, நம் மக்சிக், மழையில் குடை பிடித்துக்கொண்டு, ஒரு தட்டில் கெத்துப்பாட்டுச் சோறும் ரெண்டாங் இறைச்சியும் மூடி எடுத்துக்கொண்டு வந்தார். நான் இரண்டு ஷிஃப்ட் பார்த்த காலத்தில் உனக்குச் சோறு ஊட்டியவர். மடியில் போட்டுத் தூங்கவைத்தவர். அவர் கேட்டில் கை வைத்தார், சுவரில் இருந்த கேமராவிலிருந்து உன் குரல் வந்தது. "அம்மா, அது யாரு?" குடை மறைத்ததால் தெரியவில்லை என்று நீ பிறகு சொன்னாய். இருக்கலாம். இத்தனை வருஷம் நம் பக்கத்தில் இருந்தவருக்கு அந்த மூன்று தமிழ்ச் சொல்லும் புரியாதா? மேலே பார்த்தார். தலைத்துணியைச் சரிசெய்துகொண்டார். "தாக் பே லா" என்று, பரவாயில்லை என்று சொல்லி, தட்டைக் கேட்டுக்கு மேலாக என் கையில் கொடுத்துவிட்டு மழையில் திரும்பிப் போய்விட்டார். அதற்கப்புறம் அவர் உள்ளே வந்ததில்லை. யாராவது யாரிடமாவது ஸாரி சொல்லியே ஆகவேண்டும் என்றால், தம்பி, நீ முதலில் பக்கத்து வீட்டுக்குப் போ.

உன்னை அவர்களோடு சேர்த்துப் பேசுகிறேன் என்று உனக்கு வலிக்கும். வலிக்கட்டும் என்றுதான் எழுதுகிறேன். நீ பயத்தில் செய்கிறாய் என்று எனக்குத் தெரியும். அந்த அறையில் உன்னை என்ன செய்தார்கள் என்று நீ முழுதாகச் சொல்லவில்லை, நானும் தோண்டவில்லை. உன் கண் மூடுவதில்லை என்று மட்டும் தெரியும். எந்த நேரம் நான் போர்ச்சுக்கு வந்தாலும் கேமராவில் நீ பார்க்கும்போது வரும் அந்தச் சின்னச் சிவப்பு விளக்கு எரிகிறதே, தூங்குகிறவன் பார்ப்பானா? அவர்கள் உன்னிடமிருந்து எடுத்துக்கொண்ட போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். முன்பு வருகிறவனையெல்லாம் அண்ணே என்று கூப்பிட்டு உட்காரவைத்த என் பிள்ளையைத் திருப்பிக் கொடுக்கவில்லை. எனக்கு அவன்தான் வேண்டும். அதற்குத்தான் இந்தச் சண்டை.

ஒரு வித்தியாசத்தையும் சொல்லிவிடுகிறேன், அது நியாயம். உன் கேமராவின் பிளக் என் கைக்கு எட்டும். அவர்களுடையது எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரியாது, உனக்கும் தெரியாது, நம்மைப் போன்றவர்கள் கேட்டால் சொல்லவும் மாட்டார்கள். ஒரு நாள் அதையும் எங்கே என்று கேட்கத்தான் வேண்டும், மகஜர் எழுதித்தான் கேட்கவேண்டும். மறுபடியும் அட்டை பிடிக்கச் சொல்கிறாயா என்று உன் அப்பா இதைப் படித்துவிட்டுப் பதறுவார். ரொட்டி டின்னுக்குள் என்னையும் போட்டு மூட முடியுமா என்று பார்ப்பார். போடட்டும். இப்போதைக்கு என் கைக்கு எட்டுவதை நான் செய்கிறேன்.

தீபாவளியன்று படையல் முடிந்ததும் உன் கேமராவின் பிளக்கைப் பிடுங்கிவிடுவேன். உன் போனில் படம் இருட்டாகிவிடும், பதறாதே. அம்மா அடுப்பங்கரையில்தான் இருப்பேன். கேட்டைத் திறந்து கயிற்றால் கட்டிவிடுவேன். அதற்கு முன்னால் பக்கத்து வீட்டுக்கு நானே போய் மக்சிக்கைக் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு வருவேன். அந்த ஜிப்பாக்காரன் மறுபடி வந்தால் அவனுக்கும் இலை போடுவேன். நெய் உருண்டையும் வைப்பேன், அவனும் ஒரு தாய் பெற்ற பிள்ளைதான். படம் காட்டமாட்டேன். "இவர் யாரு ஆண்டி?" என்று கேட்டால் "எங்க வீட்டுக்கு வந்தவங்கப்பா, சாப்பிடு" என்பேன். சோறு போடுவதும் பெயர் சொல்வதும் வேறு வேறு என்று நான் கற்றுக்கொண்டுவிட்டேன். அதற்குக் கேட்டைப் பூட்ட வேண்டியதில்லை, வாயைப் பூட்டினால் போதும்.

அங்கே உன்னை உட்காரவைத்து நீ யார், உன்னோடு யார், அவர்களுக்கு யார் என்று நாள்கணக்கில் கேட்டார்கள். கேட்டுக் கேட்டு, நீயும் கேட்கிறவனாகிவிட்டாய். வேலை இடத்தில் லீவு சொல்லிவிட்டு வா. பஸ்ஸில் வந்தாலும் சரி, பைக்கில் வந்தாலும் சரி, முன்னால் போன் செய்யவேண்டாம். போன் எப்படியும் டின்னுக்குள்தான் இருக்கும். கூட்டம் இருந்தால் கூட்டத்தோடு உட்கார், இல்லாவிட்டால் என் பக்கத்தில் உட்கார். கோபத்தோடு வந்தாலும் வா, பயத்தோடு வந்தாலும் வா. என் பழைய பிள்ளையாக வரமுடியாவிட்டாலும் வா. இந்த வீட்டில் உன்னை யாரென்று கேட்கமாட்டோம்.

அம்மா